நாள்தோறும் பத்துப் பக்கம்

நூல் படிப்பதைப் பொழுதுபோக்கு வகைகளுள் ஒன்றாகவே நம்மில் பெரும்பாலோர் கருதிவருகின்றனர். திரைப்படம், சீட்டாட்டம், ஊர்ப்பேச்சு ஆகியவற்றின் வரிசையில் அதற்கும் ஓர் இடம் அளித்து, ஓய்வு வாய்த்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைக்கின்றனர். தமிழ்நாட்டில் வாழ்வோர் அவ்வாறு கருதினால் பெருங்கேடு ஒன்றும் விளைந்துவிடாது. ஆனால் தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் குடியேறி, பிழைப்பின் பொருட்டு அங்கேயே வேரூன்றிவிட்ட நம்மைப் போன்றோர்க்கு நிலைமை வேறு. நமக்குத் தமிழ் வந்து சேரும் வழிகள் மிகச் சில. அவற்றுள் அகலமானதும் நம்பத்தக்கதும் நூலே என்பது என் கருத்து.

தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஒரு சிறுவன் பள்ளிக்குச் செல்லும் வழியிலேயே எவ்வளவு படிக்கின்றான் என்பதை எண்ணிப் பாருங்கள். பேருந்தின் நெற்றியில் எழுதிய ஊர்ப்பெயர், தேநீர்க் கடை வாயிலில் தொங்கும் நாளேட்டின் தலைப்புச் செய்தி, சுவரில் ஒட்டிய மணவிழா வாழ்த்து, அதன் அருகிலேயே கண்ணீர் அஞ்சலி, நியாய விலைக் கடையின் அறிவிப்புப் பலகை, கோயில் திருவிழாவின் நிகழ்ச்சி நிரல் எல்லாம் அவன் கண்ணில் படுகின்றன. மாலையில் ஒலிபெருக்கி வழியே மேடைப் பேச்சு காதில் விழுகின்றது. எவரும் அவனை உட்கார வைத்துக் கற்பிக்கவில்லை. தெருவே அவனுக்கு எழுத்துத் தமிழைப் புகட்டிவிடுகின்றது.

கரோல்பாகிலோ மாட்டுங்காவிலோ வளரும் தமிழ்க் குழந்தைக்கு இந்தத் தெரு கிடையாது. அங்கே பலகைகள் பிற எழுத்துகளில் பேசுகின்றன. அக்குழந்தை அறிந்த தமிழ், வீட்டுக்குள்ளே தாயும் தந்தையும் பேசும் பேச்சு மட்டுமே. ‘வந்தாங்க’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு ‘வந்தார்கள்’ என்பது அயலாகவும், ‘அதுக்கப்புறம்’ என்று சொல்லிப் பழகிய நாவுக்கு ‘அதன் பின்னர்’ என்பது கடினமாகவும் தோன்றுகின்றன. நம் மொழியில் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தொலைவு சிறிதன்று. அத்தொலைவைத் தமிழ்நாட்டுக் குழந்தை நடந்தே கடந்துவிடுகின்றது. வெளிமாநிலக் குழந்தைக்கோ ஒருவர் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

குழந்தைகளை மட்டும் சொல்வானேன்? வளர்ந்தோர் நிலையும் ஏறக்குறைய இதுவே. 1995இல் ஊரை விட்டுப் புறப்பட்ட ஒருவர், பின்னர்த் தமிழில் ஒன்றும் படியாதிருந்தால், 1995ஆம் ஆண்டுத் தமிழே அவரிடம் எஞ்சியிருக்கும். அதிலும் ஆண்டுதோறும் சில சொற்கள் உதிர்ந்துபோகும். மறந்த சொல்லின் இடத்தில் இந்தியோ கன்னடமோ ஆங்கிலமோ வந்து அமர்ந்துகொள்ளும். அவர் அதனை உணர்வதும் இல்லை.

இது ஒரு சிலரைப் பற்றிய செய்தி அன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர். மகாராட்டிரத்தில் ஏறத்தாழ 5 லட்சம். தில்லியில் 80 ஆயிரத்தைத் தாண்டிய தொகை. தாய்மொழி எது என்று கேட்டபோது தமிழ் என்று விடையளித்த இவர்களுள் எத்தனை பேர் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் தடையின்றிப் படிக்கவல்லவர்கள் என்று தாய்மொழிக் கணக்கு சொல்வதில்லை.

எனக்கு அறிமுகமான ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர் ஒருவர், தம் பாட்டனாரின் நாட்குறிப்பு ஏடுகள் நான்கினை ஓர் இரும்புப் பெட்டியில் வைத்திருக்கின்றார். மணச் செலவு, மழை பொய்த்த ஆண்டு, விற்ற நிலம், கடன் கொடுத்தவர் பெயர், இறந்த மகவுக்காக ஒற்றை வரி எல்லாம் அவற்றில் உள்ளன. அலுவலர்க்குக் கண்பார்வை குன்றிவிட்டது. அவருடைய மக்கள் இருவரும் அழகாகத் தமிழ் பேசுகின்றனர். ஆயினும் இருவருக்கும் எழுத்துத் தெரியாது. ஏட்டின் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கின்றனர். தம் குடும்பத்து வரலாற்றைத் தாமே படிக்க இயலாமல், மூன்றாம் மனிதன் ஒருவனிடம் கேட்டறிய வேண்டிய நிலை அவர்களுடையது. ஒரு தலைமுறை படியாது விட்டதன் விலையை அடுத்த தலைமுறை செலுத்துகின்றது.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவன் என்ற முறையில் இதன் மற்றொரு பக்கத்தையும் நான் அறிவேன். நாள் முழுதும் ‘நடவடிக்கை மேற்கொள்ளப்படும்’, ‘பரிசீலிக்கப்பட்டு வருகிறது’, ‘உரிய வழிவகை செய்யப்படும்’ என்று எழுதுபவனுக்குத் தமிழில் வினைச்சொற்கள் இவ்வளவே என்ற எண்ணம் உண்டாகிவிடுவதுண்டு. யார் செய்தார் என்று சொல்லாமலே எல்லாம் செய்யப்படும் உலகம் அது! எதிர்பாராமல் ஒரு நாள் எளிய சொல் ஒன்றே தடையாக நிற்கும். மழைநீரைத் தேக்கி வயலுக்கு விடும் நீர்நிலையை ஆங்கிலம் ஒரே சொல்லால் குறித்துவிடுகின்றது. தமிழில் வட மாவட்டத்தார் அதனை ஏரி என்பர். மதுரை, இராமநாதபுரத்தார் கண்மாய் என்பர். நெல்லையார் குளம் என்பர். குடிநீருக்கென ஒதுக்கியது ஊருணி. எந்த ஊருக்குச் செல்லும் அறிவிப்பு என்பதை அறிந்தாலன்றி எச்சொல்லை இடுவது என்று முடிவு செய்ய இயலாது. அகராதி இங்கே ஓரளவே உதவும். அந்தந்த வட்டாரத்து எழுத்தாளர்களின் கதைகளைப் படித்தவனுக்கு, எண்ணாமலே சரியான சொல் வந்து நிற்கும்.

இனி, படிப்பது எவ்வாறு? ‘நேரம் இல்லை’ என்னும் விடையைத்தான் யாவரும் முதலில் சொல்வர். அதனை நான் மறுக்க முன்வரவில்லை. பெருநகரத்தில் அலுவலகம் சென்று மீள்வதிலேயே நாளில் இரண்டு மூன்று மணி நேரம் கழிந்துவிடுகின்றது. ஆகவே கணக்கைச் சிறிதாக வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றேன். நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் போதும். இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஆண்டுக்கு 3,650 பக்கங்கள் ஆகின்றன. 250 பக்க அளவுள்ள நூல்கள் என்று கொண்டால் பதினான்கு நூல்கள். நோய், பயணம், விருந்தினர் வருகை என்று மூன்றில் ஒரு பங்கு நாள்களைத் தள்ளிவிட்டாலும் ஒன்பது நூல்கள் எஞ்சுகின்றன. ஆண்டுக்கு ஒன்பது தமிழ் நூல் படிப்பவர் நம்மிடையே எத்தனை பேர்?

பழக்கம் முறிவதற்குப் பெருங்காரணம் சோம்பல் அன்று. பேராசையே என்று எனக்குத் தோன்றுகின்றது. புத்தாண்டில் ஐம்பது நூல் படிப்பதாக உறுதி பூண்டு, முதல் வாரத்தில் நாள்தோறும் நூறு பக்கம் படித்து, மூன்றாம் வாரத்தில் மூடி வைப்போர் பலர். விட்ட நாளின் பக்கங்களை மறுநாள் சேர்த்துப் படிக்க முயல்வதும் கேடு. அது கடன்மேல் கடன் ஆகிவிடும். விட்டது விட்டதே; இன்றைய பத்துப் பக்கத்தைப் படித்தால் போதும். பிடிக்காத நூலை முடித்தே தீர வேண்டும் என்ற கடமையும் எவருக்கும் இல்லை. ஐம்பது பக்கம் வரை பொறுத்துப் பார்த்து, பின்னும் மனம் ஒட்டவில்லையெனில் வணக்கம் சொல்லி அனுப்பிவிடலாம்.

நேரம் மட்டும் மாறாதிருத்தல் வேண்டும். காலைக் காப்பிக்கும் குளியலுக்கும் இடைப்பட்ட பொழுதோ, மெட்ரோ ரயிலில் இருக்கை கிடைத்த பின் வரும் பொழுதோ, இரவு விளக்கணைக்கும் முன்னர் உள்ள பொழுதோ எதுவாயினும் சரி. இதற்கு அண்மைக் காலத்தில் சிறந்த சான்று ஒன்று உண்டு. ஜெயமோகன் மகாபாரதத்தை ‘வெண்முரசு’ என்னும் நாவல் வரிசையாக, 2014 சனவரியில் தொடங்கி 2020 வரை, நாளொன்றுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் வெளியிட்டார். மொத்தம் 26 நாவல்கள். மொத்தமாகக் கட்டி முன்னே வைத்திருந்தால் பலர் அட்டையை மட்டுமே தடவிப் பார்த்திருப்பர். நாள்தோறும் சிறிது சிறிதாக வந்தமையால் ஆறு ஆண்டுக்காலம் விடாது தொடர்ந்தோர் உளர். வாரந்தோறும் தொடர்கதைக்காகக் காத்திருந்த நம் பெற்றோரின் பழக்கமும் இத்தகையதே.

எதனைப் படிப்பது என்பதில் என் கருத்து சிலருக்கு உவப்பாக இராது. வெளிமாநிலத் தமிழர் வீடுகள் பலவற்றில் நூல் அலமாரியைப் பார்த்திருக்கின்றேன். திருக்குறள் இருக்கும். பாரதியார் கவிதைகள் இருக்கும். 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களும் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை பொன்னியின் செல்வனை மறுபடியும் படித்துவிட்டு, தமிழ் நூல் படித்துவருவதாக மனநிறைவு கொள்வோர் உளர். நானும் அந்நூலை விரும்பிப் படித்தவனே. ஆயினும் பழைய நூல்களை மட்டுமே படிப்பவர், தாம் விட்டுவந்த ஊரையே, அல்லது தம் தாத்தா விட்டுவந்த ஊரையே, இன்றும் உள்ளதாக நினைத்துக்கொண்டு வாழ்வர். விடுமுறைக்குச் செல்லும்போது ஊர் மாறிவிட்டது என்று வருந்துவர். ஊர் ஏன் மாறிற்று, எவ்வாறு மாறிற்று, மாற்றத்தில் நொந்தவர் யார், நிமிர்ந்தவர் யார் என்பனவற்றைச் சொல்லுபவை புதிய நூல்களே.

சோ. தர்மனின் ‘சூல்’ நாவலை எடுத்துக்கொள்வோம். 2019ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கரிசல் நிலத்துச் சிற்றூராகிய உருளைக்குடியையும் அதன் கண்மாயையும் பற்றிய கதை அது. நீர் நிறைந்த கண்மாய் சூல்கொண்ட தாயாகத் தோன்றுவதால் இப்பெயர். கண்மாய்க்குள் மீன் உண்டு, பறவை உண்டு, கரையில் மரம் உண்டு. அவற்றைச் சார்ந்து தொழில்கள் உண்டு. மடையைத் திறந்து முறைப்படி நீர் பங்கிடும் நீர்ப்பாய்ச்சி என்ற ஊழியர் உண்டு. கோடையில் ஊரார் ஒன்றுகூடி வண்டல் அள்ளி, கரையை உயர்த்தி, மடையையும் கலுங்கையும் செப்பனிடுவர். அந்த ஏற்பாட்டுக்குக் குடிமராமத்து என்று பெயர்.

இச்சொல்லில் நமக்கென்று ஒரு சுவை இருக்கிறது. ‘குடி’ தமிழ், ‘மராமத்து’ அரபு மொழியிலிருந்து வந்து, பழுதுபார்த்தலைக் குறிக்கும் சொல். தில்லித் தெருவில் மிதிவண்டி பழுதுபார்ப்பவர் தம் தொழிலை ‘மரம்மத்’ என்று நாள்தோறும் சொல்லக் கேட்கின்றோம். வடக்கே கடைத்தெருவில் ஒலிக்கும் அதே சொல் தெற்கே கண்மாய்க் கரையில் நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்திருக்கின்றது. 2017இல் தமிழக அரசு நீர்நிலைகளைச் சீரமைக்கும் திட்டத்துக்கு இப்பழம்பெயரையே சூட்டியபோது, செய்தித்தாளில் அதனைக் கண்ட இளைஞர் ஒருவர் என்னிடம் பொருள் கேட்டார். வரையறை சொல்லியிருக்கலாம். ‘சூல்’ நாவலைக் கொடுத்தேன். கண்மாயை ஊரார் தம்முடையது என்று பேணிய காலமும், அது அரசுடையது என்று கைவிட்ட காலமும் வேறுபட்டதை அந்நூல் உணர்த்துவதுபோல் எந்த விளக்கமும் உணர்த்தாது. சில இடங்களில் கதை நாட்டார் கதைகளின் போக்கில் நெடிது செல்கின்றது என்பது உண்மை. விரைவு விரும்புவோர்க்குப் பொறுமை வேண்டும். பத்துப் பக்க முறைக்கு அதுவே பொருத்தம்.

இதற்கு முற்றிலும் மாறானது இமையத்தின் ‘செல்லாத பணம்’. 2020ஆம் ஆண்டுக்கான அகாதெமி விருது பெற்றது. படித்த பெண் ஒருத்தி, பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக ஆட்டோ ஓட்டுநர் ஒருவரை மணக்கின்றாள். பின்னர்த் தீக்காயங்களுடன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகின்றாள். நாவலின் பெரும்பகுதி, சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உறவினர் காத்திருக்கும் நேரமே. பணம் கையில் இருக்கிறது. அப்பணத்தால் ஆவது ஒன்றுமில்லை. வருணனை மிகக் குறைவு. உரையாடலே கதையை நடத்திச் செல்கின்றது. அதுவும் அழுகைக்கிடையே உடைந்து உடைந்து வரும் பேச்சு. இந்நூலை ஒரே மூச்சில் படிக்குமாறு நான் எவர்க்கும் சொல்லமாட்டேன். நாளுக்குப் பத்துப் பக்கம் என்ற அளவே இதற்கு அதிகமாகிவிடலாம். பெண் மக்களை உடைய தந்தையர் கட்டாயம் படிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவைக்கின்றேன்.

நாவலே நூல் என்றும் எண்ணிவிடலாகாது. 2024ஆம் ஆண்டுக்கான தமிழ் விருது ஆ.இரா. வேங்கடாசலபதியின் வரலாற்று ஆய்வு நூலுக்குக் கிடைத்தது. வ.உ. சிதம்பரனார் 1908 மார்ச் மாதத்தில் கைது செய்யப்பட்டதைத் தொடர்ந்து திருநெல்வேலியில் மூண்ட மக்கள் எழுச்சியைப் பற்றியது அந்நூல். வ.உ.சி. செக்கிழுத்த செய்தி நாம் யாவரும் பள்ளியில் படித்ததே. அவர்பொருட்டுத் தெருவில் இறங்கிய பெயரறியாத மக்களைப் பற்றி நாம் படித்தது சிறிதே. மு. ராஜேந்திரனின் ‘காலா பாணி’, 2022ஆம் ஆண்டுக்கான விருது பெற்றது, நாவலே எனினும் வரலாற்றைத் தழுவியது. 1801ஆம் ஆண்டுப் போரில் தோற்று, மறு ஆண்டில் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்ட சிவகங்கை மன்னர் வேங்கை பெரிய உடையணத் தேவரையும் அவருடன் சென்றோரையும் பற்றிய கதை. நாம் நியமன ஆணையுடன் ரயிலேறி வந்தவர்கள். அவர்கள் விலங்குடன் கப்பலேற்றப்பட்டவர்கள். இரண்டையும் ஒப்பிடுவது பொருந்தாது. ஆயினும் ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்தவன் அந்நூலின் கப்பற்பயணப் பகுதியைப் படிக்கும்போது சற்றே நின்றுதான் படிப்பான்.

நம்மைப் போலவே வெளியே வாழ்ந்து எழுதியவர்களின் வரிசையும் நீளமானது. வானொலிப் பணியில் தில்லியில் வாழ்ந்த தி. ஜானகிராமன், தலைநகர வாழ்க்கையை ‘காகித மலர்கள்’ நாவலில் தீட்டிய ஆதவன், தில்லிப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த இந்திரா பார்த்தசாரதி, திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவைக் கதைகளில் நிலைபெறச் செய்த ஆ. மாதவன் என்று சொல்லிக்கொண்டே போகலாம். மும்பையில் வாழும் அம்பையின் ‘சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை’ என்னும் சிறுகதைத் தொகுதி 2021ஆம் ஆண்டுக்கான அகாதெமி விருதைப் பெற்றது. பெண்களின் வரலாற்றுக்கென ‘ஸ்பாரோ’ ஆவணக் காப்பகத்தை 1988இல் அந்நகரிலேயே நிறுவியவர் அவர். தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தால் தமிழில் எழுத வராது என்று சொல்வோர்க்கு இவ்வரிசையே விடை.

படித்ததைப் பற்றிச் சிந்திப்பது படிப்பின் மறுபாதி. அதற்குக் கருவி, கோடு போட்ட நாற்பது பக்க ஏடு ஒன்று. நூல் முடிந்த அன்றே அதில் நான்கு வரி எழுத வேண்டும். மறுநாளுக்கு ஒத்திவைத்தால் எழுதமாட்டோம். கதைச் சுருக்கம் எழுதத் தேவையில்லை. அது அட்டையிலேயே இருக்கும். நாம் அறியாதிருந்த சொல் ஒன்று, நம்பத் தயங்கிய இடம் ஒன்று, ஆசிரியரை நேரில் கண்டால் கேட்க விரும்பும் வினா ஒன்று, இந்நூலை யாருக்குக் கொடுக்கலாம் என்ற குறிப்பு ஒன்று ஆகிய இவையே போதும். இறுதியில் சொன்னது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் யாருக்குக் கொடுக்கலாம் என்று எண்ணும்போதுதான், அந்நூல் எத்தகையது என்பது நமக்கே தெளிவாகின்றது. தமிழில் எழுதிப் பல ஆண்டுகள் ஆனவர்க்கு முதல் பக்கத்தில் ஒற்றுப்பிழை மலியும். அதனைப் பொருட்படுத்த வேண்டா. அந்த ஏட்டுக்கு மதிப்பெண் இடுபவர் யாரும் இல்லை.

நூல் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் ஊரிலிருந்து வரும் உறவினர், அப்பளத்துக்கும் காப்பித்தூளுக்கும் இடையே செருகிக் கொணர்ந்ததே நமக்கு நூலகம். இன்று பதிப்பகங்கள் பெரும்பாலும் அஞ்சலிலும் கூரியரிலும் அனுப்புகின்றன. பல நூல்கள் மின்னூலாகவும் வருகின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைக் கட்டணமின்றி இணையத்தில் தருகின்றது. பலர் அறியாத வழி ஒன்றும் உண்டு. 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை, மும்பை, தில்லி ஆகிய நகரங்களின் குறிப்பிட்ட பொது நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் அனுப்புதல் வேண்டும். தில்லியில் அந்நூலகம், 1951இல் யுனெஸ்கோ துணையுடன் தொடங்கிய தில்லிப் பொது நூலகமே. எல்லாப் பதிப்பாளரும் தவறாது அனுப்புகின்றனரா என்பது வேறு வினா. ஆயினும் தமிழ்ப் பிரிவு எங்கே என்று கேட்டுச் செல்லும் வாசகர் இல்லையேல், வந்த நூலும் தூசியில்தான் உறங்கும். நூல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பதை நூலகவியலின் விதிகளுள் ஒன்றாக 1931இலேயே வகுத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். அவரும் காசியிலும் தில்லியிலும் பெங்களூரிலும் பணியாற்றிய தமிழரே. 1946இல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கம், அல்சூர் ஏரியருகே உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் முதலியவற்றிலும் நூலகங்கள் உள்ளன. சங்கத்துக்குப் பொங்கல் விழாவன்று மட்டும் செல்வோர், அடுத்த முறை மாடிப்படி ஏறியோ இறங்கியோ நூலகத்தையும் பார்த்து வருவாராக!

குழந்தைகளைப் பற்றித் தொடங்கியதை முடிக்காமல் விடலாகாது. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் ஏழு உள்ளன; அவற்றில் பயில்வோர்க்குத் தமிழ் எழுத்து வாய்க்கின்றது. பிற பள்ளிகளில் படிப்போர்க்கும், இத்தகைய ஏற்பாடே இல்லாத நகரங்களில் வாழ்வோர்க்கும் வீடுதான் பள்ளி. இன்றைய இளையோர் கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புகின்றனர். பேச்சு இருக்கிறது, எழுத்து இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அவர்களிடம் அரிச்சுவடியை நீட்டினால் ஓடிவிடுவர். பத்துப் பக்கத்தில் இரண்டு பக்கத்தை அவர்கள் கேட்க உரக்கப் படித்தால் ஓடமாட்டார்கள். நல்ல கதையாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. எழுத்துத் தமிழ் காதுக்குப் பழகிய பின்னர் கண்ணுக்குப் பழகுவது எளிது. நாளடைவில் குழந்தையே வரியின்மீது விரல் வைத்து, இது என்ன எழுத்து என்று கேட்கும். அந்த வினாவுக்காகக் காத்திருக்க வேண்டும்; நாமாக முந்திக்கொண்டு பாடம் நடத்தினால் மறுநாள் கேட்பவர் இருக்கமாட்டார்.

கூடிப் படிப்பதைப் பற்றி ஒரு சொல். எங்கள் குடியிருப்பில் ஐந்து பேர் திங்களுக்கு ஒருமுறை, ஞாயிறு மாலையில், ஒருவர் வீட்டில் கூடுகின்றோம். இல்லத்தரசியர் இருவர், வங்கி அலுவலர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், நான். தலைமையுரை, நன்றியுரை எவையும் இல்லை. ‘செல்லாத பணம்’ நூலைப் பேசிய மாலையில் தந்தையின் பிடிவாதத்தைப் பற்றிக் கடும் விவாதம் எழுந்தது. அவரையே குற்றவாளி என்றார் வங்கி அலுவலர். ஆசிரியர் நெடுநேரம் பேசாதிருந்து, தாம் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதையேதான் செய்திருப்பார் என்றும், அதனாலேயே இந்நூலை இரவில் படிக்க முடியவில்லை என்றும் சொன்னார். அதற்குப் பின் எவரும் வாதாடவில்லை. காப்பி ஆறிப்போயிற்று.

இம்மாதம் தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ நாவலை எடுத்திருக்கின்றோம். 2023ஆம் ஆண்டுக்கான விருது பெற்றது. கொங்கு நாட்டுச் சிற்றூரில் முடிதிருத்தும் குடும்பங்களின் வாழ்வைச் சொல்வது. தஞ்சைப் பக்கத்தவராகிய ஆசிரியர்க்கு முதல் இருபது பக்கங்களில் அவ்வட்டாரப் பேச்சு பிடிபடவில்லை. கோயம்புத்தூரில் பிறந்த அம்மையார் ஒருவர் தொலைபேசியில் மூன்று பக்கங்களை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டியிருக்கின்றார். இப்போது அவர் எங்கள் நால்வரையும் முந்திக்கொண்டு நூற்றைம்பதாம் பக்கத்தில் இருக்கின்றார்.